நாளின் சுமை: தாமஸ் கெட்டிலின் வாழ்வு

அவையில் இடம் பெறுவது அரிது. பெற்ற இடத்தைத் தாமே விட்டு எழுவது அதனினும் அரிது. தேர்தலில் தோற்று வெளியேறியவரையும், மூப்பினால் ஒதுங்கியவரையும் உலகம் எளிதில் விளங்கிக்கொள்கிறது. நாவன்மையும் நூற்புலமையும் மக்கள் நம்பிக்கையும் ஒருங்கே வாய்த்த ஓர் இளைஞர், வெற்றி பெற்ற தொகுதியைக் கைவிட்டு வீடு திரும்பினால், அதன் காரணம் உடனே புலப்படுவதில்லை. அயர்லாந்து நாட்டுக் கவிஞரும் கட்டுரையாளரும் பொருளியல் அறிஞருமான தாமஸ் கெட்டில் அவ்வாறு திரும்பியவர். 26ஆம் வயதில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புகுந்த அவர், 30ஆம் வயதில் அதனை விட்டு நீங்கினார்; 36ஆம் வயதில் போர்க்களத்தில் மடிந்தார். அவர் எழுதிய கட்டுரைத் தொகுதி ஒன்றின் பெயர் ‘நாளின் சுமை’ என்னும் பொருளுடையது. அவருடைய வாழ்வுக்கும் அப்பெயரே பொருந்தும்.

தந்தையும் நிலமும்

கெட்டில் 1880ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், டப்ளின் நகருக்கு வடக்கேயுள்ள ஆர்ட்டேன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஆண்ட்ரூ கெட்டில் உழவுத் தொழிலில் ஊன்றி நின்றவர். குத்தகை உழவர்களின் உரிமைக்காக 1879இல் தோன்றிய நிலச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். அயர்லாந்தின் பெருந்தலைவர் பார்னெலுக்கு நெருங்கிய துணைவர். அப்போராட்டத்திற்காகச் சிறை சென்றவர். 1880இலும் 1891இலும் அவர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார், இருமுறையும் தோற்றார். தந்தைக்குக் கிட்டாத இடமே பின்னாளில் மைந்தருக்குக் கிட்டியது. கிட்டியதை அவர் நான்கரை ஆண்டுகளே வைத்திருந்தார்.

அயர்லாந்தின் அன்றைய நிலையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1801இல் நடைமுறைக்கு வந்த இணைப்புச் சட்டத்தினால் டப்ளினில் இருந்த நாடாளுமன்றம் மறைந்தது. அயர்லாந்தின் உறுப்பினர்கள் கடல் கடந்து இலண்டனுக்குச் சென்று, தம் நாட்டைப் பற்றிய சட்டங்களுக்குப் பிறநாட்டாரின் பெரும்பான்மையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. 670 உறுப்பினர் கொண்ட மக்களவையில் அயர்லாந்தின் பங்கு 103 இடங்கள். தன்னாட்சி, அதாவது ‘ஹோம் ரூல்’, என்னும் கோரிக்கை இந்நிலையிலிருந்து எழுந்ததே. அச்சொல் கடல்கள் பல கடந்து நம் ஊரையும் எட்டியது. அன்னி பெசன்ட் அம்மையார் 1916 செப்டம்பரில் சென்னையில் தொடங்கிய இயக்கம் தன் பெயரை அயர்லாந்திலிருந்தே பெற்றது.

கல்லூரியும் நண்பர்களும்

கெட்டில் முதலில் டப்ளினில் கிறித்தவச் சகோதரர்களின் பள்ளியிலும், பின்னர் இயேசு சபையார் நடத்திய கிளோங்கோஸ் வுட் கல்விக்கூடத்திலும் பயின்றார். 1897இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் இலக்கிய வரலாற்று மன்றத்திற்குத் தலைமை தாங்கும் பொறுப்பு மாணவப் பருவத்திலேயே அவரை வந்தடைந்தது. பிற்கால அயர்லாந்தின் அரசியலையும் இலக்கியத்தையும் உருவாக்கிய பலர் அன்று அக்கல்லூரியில் உலவினர். ஜேம்ஸ் ஜாய்ஸ் அவர்களுள் ஒருவர். பெண்ணுரிமைக்கும் போர் எதிர்ப்புக்கும் வாழ்வை ஒப்படைத்த பிரான்சிஸ் ஸ்கெஃபிங்டன் மற்றொருவர். ஹன்னா ஷீஹியை மணந்தபோது மனைவியின் குடும்பப் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். ஹன்னாவின் தங்கை மேரியைப் பின்னர் கெட்டில் மணந்தார். ஜாய்ஸின் முதல் கவிதைத் தொகுதி 1907இல் வெளிவந்தபோது, அதற்கு நாளிதழில் மதிப்புரை எழுதி வரவேற்றவரும் கெட்டிலே.

சொல்லாடலில் அவரை விஞ்சியவர் அந்நாளைய டப்ளினில் சிலரே என்பர். நகைச்சுவையும் கூர்மையும் கலந்த அவர் பேச்சு, கேட்டவர்களை மகிழ்வித்து, வீட்டுக்குச் சென்றபின் சிந்திக்கவும் வைக்கும் இயல்பினது. ஆயினும் அப்பேச்சின் அடியில் ஒரு துயரம் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. இளமையிலேயே உடல்நலமும் மனநலமும் தளர்ந்து, 1904இல் ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டிற்குச் சென்று சில காலம் ஓய்ந்திருந்தார். ஜெர்மன் மொழியும் ஐரோப்பியச் சிந்தனையும் அங்கே அவருக்கு நெருக்கமாயின. அயர்லாந்து தன்னைத் தானே ஆழ்ந்து அறிய வேண்டுமாயின் ஐரோப்பாவை அறிதல் வேண்டும் என்னும் கருத்து அவருடைய எழுத்தின் அடித்தளமாயிற்று.

அவைக்குள் புகுதல்

1905இல் வழக்கறிஞரானார். ஐக்கிய ஐரிஷ் சங்கத்தின் இளைஞர் கிளைக்குத் தலைவராக விளங்கினார். கட்சித் தலைமையைப் பின்பற்றிக்கொண்டே அதனைக் கேள்வி கேட்கவும் துணிந்த இளைஞர் குழு அது. ஒரு வார இதழையும் சிறிது காலம் நடத்தினார். 1906 ஜூலையில் கிழக்கு டைரோன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஏறத்தாழச் சமமாக வாழ்ந்த தொகுதி. ஒவ்வொரு வாக்கையும் எண்ணிப் பார்த்துத் திரட்ட வேண்டிய களம். மிகச் சில வாக்குகள் வேறுபாட்டில் கெட்டில் வென்றார். அந்த ஆண்டின் பிற்பகுதியில் கட்சிக்கு நிதி திரட்ட அமெரிக்கா சென்று பல நகரங்களில் உரையாற்றினார்.

இலண்டன் அவையில் அவருக்கு விரைவிலேயே நற்பெயர் உண்டாயிற்று. அயர்லாந்தின் வரி, வருவாய், நிலம், கல்வி ஆகியவற்றை அவர் பேசியபோது எதிரணியினரும் செவிசாய்த்தனர். கத்தோலிக்க இளைஞர்களுக்கு ஏற்ற பல்கலைக்கழகம் வேண்டும் என்பது அயர்லாந்தின் நெடுநாள் கோரிக்கை. 1908இல் நிறைவேறிய சட்டத்தினால் தேசியப் பல்கலைக்கழகம் அமைந்தது. அதன் உறுப்பாகிய டப்ளின் கல்லூரியில் தேசியப் பொருளியலுக்கென ஏற்படுத்தப்பட்ட இருக்கைக்கு முதல் பேராசிரியராகக் கெட்டில் அமர்ந்தார். 1909 செப்டம்பரில் மேரி ஷீஹியை மணந்தார். மாமனார் டேவிட் ஷீஹியும் அதே கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவை, கல்லூரி, இல்லம் மூன்றும் ஒருங்கே அமைந்த வாழ்வு அது. மேலும் உயர்வார் என்றே எல்லாரும் எண்ணினர்.

நீங்கியதன் காரணங்கள்

1910 ஜனவரியில் நடந்த பொதுத்தேர்தலில் கெட்டில் மீண்டும் கிழக்கு டைரோனில் வென்றார். அத்தேர்தலில் லிபரல் கட்சியும் கன்சர்வேடிவ் கட்சியும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் வந்தன. ஆட்சியை நிறுத்தவும் வீழ்த்தவும் வல்ல துலாக்கோல் அயர்லாந்து உறுப்பினர்களின் கைக்கு வந்தது. முப்பது ஆண்டு உழைப்புக்குப் பின் தன்னாட்சி கண்ணெதிரே தெரிந்தது. அதே 1910ஆம் ஆண்டு டிசம்பரில் மறுபடியும் பொதுத்தேர்தல் வந்தபோது, கெட்டில் வேட்பாளராக நிற்கவில்லை. நம்பிக்கை இழந்து விலகினார் என்று கூற இடமில்லை. நம்பிக்கை பலித்துவரும் வேளையில்தான் விலகினார்.

வெளிப்படையான காரணம் பேராசிரியப் பணி. டப்ளினில் வகுப்பு நடத்துபவர் வாரந்தோறும் கிங்ஸ்டவுன் துறைமுகத்தில் கப்பலேறி, ஹோலிஹெட்டில் இறங்கி, இரயிலில் இலண்டன் சேர்ந்து, நள்ளிரவு வரை வாக்கெடுப்புக்குக் காத்திருந்து, மறுபடி திரும்புவது நெடுநாள் இயலாது. இரண்டில் ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். அவர் கற்பித்தலைத் தேர்ந்தார்.

பொருள் நிலையும் கருதத்தக்கது. 1911 வரை பிரிட்டிஷ் மக்களவை உறுப்பினர்களுக்கு ஊதியம் கிடையாது. செல்வமில்லாத அயர்லாந்து உறுப்பினர்கள் கட்சி நிதியிலிருந்து வழங்கப்பட்ட உதவித்தொகையைச் சார்ந்திருந்தனர். கட்சியின் கையால் உண்பவர் கட்சியின் சொல்லுக்கு மாறாகப் பேசுவது கடினம். புது மணம் புரிந்த இளைஞர் ஒருவருக்குப் பல்கலைக்கழக ஊதியம் வாழ்வின் பிடிமானத்தையும் சிந்தனையின் உரிமையையும் ஒருசேர அளித்தது. உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 400 பவுண்டு ஊதியம் என்னும் ஏற்பாடு, அவர் நீங்கிய மறு ஆண்டில்தான் வந்தது.

இவற்றிற்கும் அடியில் மற்றொன்று உண்டு. ஐரிஷ் கட்சியின் வேட்பாளர் ஒவ்வொருவரும் கட்சியோடு அமரவும், கட்சியோடு செயற்படவும், கட்சியோடு வாக்களிக்கவும் உறுதிமொழி எழுதிக் கொடுத்தல் வேண்டும். மாறுபட்டால் பதவி துறத்தல் வேண்டும். சிறுபான்மை நாட்டினரின் கட்சிக்கு அக்கட்டுப்பாடு இன்றியமையாதது. எண்பது பேர் எண்பது திசையில் வாக்களித்தால் துலாக்கோல் கையில் நில்லாது. ஆனால் அக்கட்டுப்பாடு ஒவ்வோர் உறுப்பினரிடமும் வேண்டியது அவருடைய வாக்கை மட்டுமே. அவருடைய கல்வியை அது வேண்டவில்லை. கேள்விகளை அது விரும்பவுமில்லை. ஜான் டில்லனும் டி. பி. ஓகானரும் 1880இல் அவைக்கு வந்தவர்கள். தலைவர் ஜான் ரெட்மண்ட் 1881இல் வந்தவர். கெட்டில் தொட்டிலில் கிடந்த நாளில் அமர்ந்த இருக்கைகளில், அவர் விலகிய நாளிலும் அவர்களே அமர்ந்திருந்தனர். அவர்கள் தியாகிகள், திறமையாளர்கள்; அவர்களுள் சிலர் நாட்டுக்காகச் சிறை கண்டவர்கள். எனினும் முடிவெடுக்கும் அறையில் அடுத்த தலைமுறைக்கு அவர்கள் நாற்காலி இடவில்லை. மேடையில் பேச இளைஞர் வேண்டும், நிதி திரட்ட இளைஞர் வேண்டும். சிந்திக்க முதியவர் போதும் என்பதே அங்கே எழுதாச் சட்டமாக இருந்தது.

கெட்டில் விட்டு நீங்கிய கிழக்கு டைரோன் தொகுதியில் அடுத்து நின்று வென்றவர் தலைவர் ரெட்மண்டின் மைந்தர் வில்லியம் ஆர்ச்சர் ரெட்மண்ட். அவர் தகுதியற்றவர் அல்லர். ஆயினும் நிகழ்ந்தது இன்னதென்று நோக்கினால், ஒரு கட்சி தன் இளமையைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டது விளங்கும்.

கெட்டில் எவரையும் இகழ்ந்துரைத்து வெளியேறவில்லை; கட்சியை உடைக்கவும் முயலவில்லை. ரெட்மண்டிடம் அவர் கொண்ட மதிப்பு இறுதிவரை குன்றவில்லை. அவையை விட்டாரே அன்றி அரசியலை விடவில்லை.

வெளியே நின்ற ஆண்டுகள்

கல்லூரியும் எழுத்தும் அவருக்கு நன்கு பயன்பட்டன. 1911இல் தன்னாட்சியின் நிதி அமைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தன்னாட்சி பெற்ற அயர்லாந்து எவ்வாறு வரி தண்டும், எவ்வாறு செலவிடும், இங்கிலாந்தோடு கணக்கை எவ்வாறு தீர்க்கும் என்பன அன்று எல்லார் வாயிலும் இருந்த வினாக்கள். 1912 ஏப்ரலில் தன்னாட்சி மசோதா மக்களவைக்கு வந்தது. அதன் நிதிப் பகுதிகளை அலசி விவாதித்த நாட்களில், அப்பொருளில் அயர்லாந்தின் தேர்ந்த அறிவாளர்களுள் ஒருவராகிய அவர் அவையில் இல்லை. டப்ளினில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் இழந்தது யார் என்னும் கேள்விக்கு ஒரே விடை போதாது. அவை ஓர் அறிஞரை இழந்தது. அறிஞரும் தம் அறிவு செயலாகும் இடத்தை இழந்தார்.

1913 ஆகஸ்டில் டப்ளின் தொழிலாளர் போராட்டம் தொடங்கியது. முதலாளிகள் கதவடைத்தனர், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பசியில் வாடின. இரு தரப்பையும் இணக்கத்திற்குக் கொண்டுவர ஓர் அமைதிக் குழுவை அமைப்பதில் கெட்டில் முன்னின்றார். அம்முயற்சி பலிக்கவில்லை. நடுவில் நின்று பேசுபவருக்குச் சொல்வன்மை மட்டும் போதாது. பின்னால் ஓர் அமைப்பின் வலிமையும் வேண்டும். அவர் கையில் அது இல்லை. இந்த ஆண்டுகளில் உளச்சோர்வும் மதுப்பழக்கமும் அவரை மிகுதியாகப் பற்றின. நண்பர்கள் அதனை அறிந்து வருந்தினர். அவரும் தம்மை அறிந்தே வருந்தினார்.

1913 நவம்பரில் ஐரிஷ் தொண்டர் படை உருவானபோது அதில் சேர்ந்தார். அப்படைக்குத் துப்பாக்கிகள் வாங்குவதற்காக 1914 கோடையில் பெல்ஜியம் சென்றார். சென்ற இடத்தில் உலகப்போர் வெடித்தது. ஓர் ஆங்கில நாளிதழின் செய்தியாளராக அங்கேயே தங்கி, ஜெர்மானியப் படைகள் ஊர்களை எரிப்பதைக் கண்டார். லூவென் நகரின் தொன்மையான நூலகம் ஆகஸ்ட் இறுதியில் சாம்பலாயிற்று. ஐரோப்பாவைத் தம் இரண்டாவது தாயகமாகக் கருதிய ஒரு நூல் விரும்பிக்கு அது பொறுக்கலாகாத காட்சி. அயர்லாந்துக்காக ஆயுதம் வாங்கச் சென்றவர், பெல்ஜியத்துக்காக ஆயுதம் ஏந்துவது என்னும் முடிவோடு திரும்பினார். பிரிட்டிஷ் படையின் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் பிரிவில் லெப்டினன்ட் ஆனார். உடல்நலம் குன்றியிருந்தமையால் உடனே களம் செல்ல இயலவில்லை. ஊர் ஊராகச் சென்று படைக்கு ஆள் சேர்க்கும் மேடைகளில் பேசினார். சிறிய நாடொன்று நசுக்கப்படும்போது மற்றொரு சிறிய நாடு வாளாவிருத்தல் ஆகாது என்பதே அவருடைய வாதம்.

இரு தீக்களுக்கிடையே

1916 ஏப்ரல் 24ஆம் நாள் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி மூண்டது. கெட்டில் அதனை ஏற்கவில்லை. தன்னாட்சிக்கென இருபது முப்பது ஆண்டுகளாக எழுப்பிய கட்டடத்தை அது தகர்த்துவிடும் என்று கருதினார். ஆனால் அவ்வெழுச்சியை அடக்கிய முறை அவர் நெஞ்சைப் பிளந்தது. ஏப்ரல் 26ஆம் நாள், ஸ்கெஃபிங்டனை விசாரணை ஏதுமின்றிப் போர்ட்டோபெல்லோ படைவீட்டில் சுட்டுக் கொல்லச் செய்தார் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி. கடைகள் சூறையாடப்படுவதைத் தடுக்கத் தெருவில் இறங்கியவர் அவர். கையில் ஆயுதம் எடாதவர். கெட்டிலுக்குக் கல்லூரித் தோழர், மனைவியின் தமக்கை கணவர். மே 3ஆம் நாள் கவிஞர் தாமஸ் மக்டோனா சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கெட்டிலோடு அதே கல்லூரியில் கற்பித்தவர். தம் உறவினரையும் நண்பரையும் கொன்ற படையின் சீருடை கெட்டிலின் உடலில் இருந்தது.

கொல்லப்பட்டவர்கள் வீரர்களாகப் போற்றப்படுவர் என்பதையும், இச்சீருடையில் மடிபவர்கள் மறக்கப்படுவர் என்பதையும் அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். உணர்ந்தும் அவர் பின்வாங்கவில்லை. தம் சொல்லைக் கேட்டுப் படையில் சேர்ந்த ஏழை இளைஞர்கள் களத்தில் நிற்கையில், சொன்னவர் பின்னே தங்குதல் அறமன்று எனக் கருதினார். அந்தக் கோடையில் பிரான்சின் சோம் போர்முனையை அடைந்தார்.

செப்டம்பர் 4ஆம் நாளிட்டு, முகாமிலிருந்து தம் மகள் பெட்டிக்கு ஒரு பதினான்கடிக் கவிதை எழுதினார். மகளுக்கு அப்போது வயது மூன்று. வளர்ந்தபின், தந்தை தன்னை விட்டு ஏன் சென்றார் என்று அவள் கேட்கக்கூடும். அக்கேள்விக்கு முன்கூட்டியே எழுதி வைத்த விடை அது. கொடிக்கும் முடிக்கும் அப்பாற்பட்ட ஒன்றின் பெயரால், ஏழையர் பக்கம் நின்று, தம் முடிவை அதில் விளக்கினார். ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 9ஆம் நாள், ஜின்ஷி என்னும் சிற்றூரைக் கைப்பற்ற நடந்த தாக்குதலில் குண்டு பாய்ந்து வீழ்ந்தார். அப்போரில் உடனிருந்த 18 வயது அதிகாரி எம்மெட் டால்டன், பின்னாளில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஐரிஷ் குடியரசுப் படையில் போரிட்டவர். கெட்டிலின் உடல் கிடைக்கவில்லை. கல்லறையில்லாதவர்களுக்கென எழுப்பப்பட்ட தியெப்வால் நினைவுச் சின்னத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. செய்தி அறிந்த ஜாய்ஸ், மேரிக்கு இரங்கற் கடிதம் விடுத்தார். முதிய தந்தை ஆண்ட்ரூ கெட்டிலும் அதே செப்டம்பர் 22ஆம் நாள் மறைந்தார். சென்னையில் தன்னாட்சிக் குரல் அமைப்பாகத் திரண்ட மாதமும் அதுவே.

பின்னிகழ்ந்தவை

1918 டிசம்பர் தேர்தலில், கெட்டில் இருந்த கட்சி அயர்லாந்தில் 6 இடங்களோடு நின்றது. சின் ஃபெய்ன் 73 இடங்களை வென்றது. வென்றவர்கள் இலண்டனுக்குச் செல்ல மறுத்து, 1919 ஜனவரி 21ஆம் நாள் டப்ளினில் தமக்கெனத் தனி அவை கூட்டினர். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் அரவமின்றி விலகிய அவைக்கு, இப்போது ஒரு தலைமுறையே போக மறுத்தது. இரண்டும் ஒன்றல்ல. அவர் விலகியது பணியின் பொருட்டு. அவர்கள் மறுத்தது கொள்கையின் பொருட்டு. ஆயினும் முன்னதைக் கண்டபோது, நம் இளையோர் நம்மிடம் ஏன் தங்கவில்லை என்று மூத்தோர் தம்மைக் கேட்டிருப்பின், பின்னது அத்துணை திடீரென வந்ததாக அவர்களுக்குத் தோன்றியிராது.

டப்ளினின் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவுக்கெனக் கெட்டிலின் மார்பளவுச் சிலை ஒன்று வடிக்கப்பட்டது. அதன் பீடத்தில் எவ்வெழுத்துகள் இடம்பெறலாம் என்பது குறித்துப் பூசல் எழுந்து பல ஆண்டுகள் நீண்டது. பிரிட்டிஷ் சீருடையில் மடிந்தவரைப் புதிய அயர்லாந்து எவ்வாறு நினைப்பது என்று அறியாது தயங்கியது. 1937இல் விழா ஏதுமின்றிச் சிலை அதன் இடத்தில் நிறுத்தப்பட்டது. மகளுக்கு எழுதிய கவிதையின் இறுதி அடிகள் பீடத்தில் உள்ளன.

அவைக் குறிப்பேட்டில் அச்சேறிய அவருடைய உரைகளை இன்று ஆய்வாளர் சிலரே தேடிப் படிக்கின்றனர். போர்முனையில் எழுதிய பதினான்கு அடிகளை அயர்லாந்து மறக்கவில்லை. இதனைக் கவிதையின் வெற்றி என்று கவிஞர்கள் மகிழலாம். ஆனால் அவ்வடிகளை எழுதியவர் கவிதைக்காக மட்டும் வாழ்ந்தவர் அல்லர். உழவரின் வரிச்சுமையைக் கணக்கிட்டு, அதனை உரிய அவையில் எடுத்துரைக்கவும் வாழ்ந்தவர். அவ்வேலையை முடிக்க அவருக்கு ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தில் அவரை நிறுத்திவைக்க அவருடைய நாட்டாருக்குத் தெரியவில்லை. நிற்க அவராலும் இயலவில்லை. எஞ்சியது ஒரு கவிதை. தந்தையின் முகத்தை அக்கவிதையில் தேட வேண்டியவளாகிய ஒரு மூன்று வயதுக் குழந்தை.